ஒன்றாரியோவின் சிம்கோ ஏரியில் மீன் பிடிக்க ஐஸில் போடுகிற துளை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடிக்கொள்கிறது, நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

அரிவரி_மீனவன் | சனி, இரவு 9.40

இன்றைக்குக் காலை மச்சானும் நானும் குக்ஸ் பே பக்கம் போயிருந்தோம், கெஸ்விக் கரையிலிருந்து நடந்து. போன வருடம் இரண்டு தரம் வாடகைக் குடிலுக்குள் இருந்து பிடித்திருக்கிறோம். சொந்தச் சாமானோடு வெட்டவெளியில் நின்றது இதுதான் முதல் தடவை. மைனஸ் 18, அதற்குமேல் காற்று. ஐஸ் நல்ல தடிப்பு, அதில் பயமில்லை.

முதல் துளை போட்டு, கூழ் மாதிரி வந்த பனியை அள்ளி எறிந்துவிட்டுத் தூண்டிலை இறக்கினோம். தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்பினால் தண்ணீருக்கு மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒன்று படர்ந்து, தங்கூசி (தூண்டில் நரம்பு) அதில் ஒட்டி நிற்கிறது. உடைத்தோம், அள்ளினோம். பத்து நிமிடத்தில் மறுபடியும். அப்புறம் தடியின் நுனி வளையத்தில் ஐஸ் முத்து கட்டி நரம்பு ஓடவில்லை. ரீல் சுற்றவே மாட்டேன் என்றது. இரண்டாவது துளை போடலாம் என்று ஆகரை (ஐஸைக் குடைகிற திருகுத் துளைப்பான்) எடுத்தால் அலகில் ஐஸ் ஒட்டிப்போய், சுற்றுகிறதே தவிர வெட்டவில்லை. கறிச்சட்டியில் கரண்டியைச் சுற்றுவது போல அரைமணி நேரம் சுற்றினோம். நூடுல்ஸ் போடக் கொண்டுபோன பியூட்டேன் அடுப்பும் பற்றவில்லை.

நாலு மணித்தியாலத்தில் இரண்டு பெர்ச் மீன். அதில் ஒன்று என் சுண்டுவிரல் அளவு.

துளையை மூடாமல் வைத்திருக்க வழி உண்டா? யாரோ ஒருவர் எண்ணெய் விடுவார்களாம் என்று மச்சான் சொல்கிறான், உண்மையா?


கெம்பன்ஃபெல்ட்_கிழவன் | சனி, இரவு 10.25

தம்பி, நீர் கேட்டதெல்லாம் நானும் 14 குளிர்காலத்துக்கு முன் கேட்டதுதான். துளை உறையாமல் இருக்கவே இருக்காது, அந்த ஆசையை விட்டுவிடும். மெதுவாக உறைய வைக்கலாம், உறைந்தாலும் விரலால் உடைகிற மாதிரி வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

இன்றைக்கு உங்களைக் கெடுத்தது மைனஸ் 18 இல்லை, காற்று. காற்றில்லாத மைனஸ் 20ல் துளை உங்களோடு ஒத்துப்போகும், காற்றடிக்கிற மைனஸ் 10ல் ஒத்துப்போகாது. அதனால் போன உடனே ஆகரைத் தூக்காமல் முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கமாக முழங்கால் உயரத்துக்குப் பனியைக் குவித்து ஒரு வரம்பு கட்டும். இழுத்துப்போகிற ஸ்லெட்டையே பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தாலும் சரி.

அடுத்தது மூடி. கட்டடச் சாமான் கடையில் சுவருக்குள் வைக்கிற ரோஸ் நிற ஃபோம் பலகை விற்பார்கள், இரண்டு அங்குலத் தடிப்பு. துளை எட்டு அங்குலம் என்றால் பலகையைப் பத்து அங்குல வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரு கீறல் போடும். நரம்பு அந்தக் கீறல் வழியாக நடுவுக்கு வந்து இறங்கும். மீன் கொத்தினால் வட்டத்தைக் காலால் தட்டிவிட வேண்டியதுதான். என்னிடம் இருக்கிற ஒன்று ஆறு வருடமாக ஓடுகிறது, ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது.

ஃபோம் இல்லையென்றால் பனியே போதும். கேட்க விசராகத்தான் இருக்கும், ஆனால் பொலபொலவென்ற புதுப்பனியைத் துளைக்குமேல் லேசாகக் குவித்துவிட்டால் அதற்குள் அடைபட்ட காற்றுதான் போர்வை. அடியில் தண்ணீர் கூழாக நிற்கும், கட்டியாகாது. மீன் கொத்தினால் தானே கொடி எழுப்புகிற டிப்-அப் தூண்டிலுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். இப்போது துளை முழுவதையும் மூடுகிற வட்டத் தட்டு மாதிரி டிப்-அப்பும் வருகிறது, வாங்க வசதியிருந்தால் அதை வாங்கும். ஆனால் ஒன்றாரியோவில் ஒருவருக்கு இரண்டு தூண்டில்தான், இரண்டும் 60 மீட்டருக்குள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். குடிலுக்குள் போய்ச் சீட்டு விளையாடிக்கொண்டு வெளியே டிப்-அப்பை அநாதையாக விடக் கூடாது.

அள்ளுகிற கரண்டி என்ன பாவிக்கிறீர்?


அரிவரி_மீனவன் | சனி, இரவு 10.31

அம்மாவின் வடை எடுக்கிற கண் கரண்டி. அம்மாவுக்குத் தெரியாது.


கெம்பன்ஃபெல்ட்_கிழவன் | சனி, இரவு 10.38

சில்வர் கரண்டியில் கண்ணெல்லாம் ஐஸ் அடைத்து அகப்பையாகிவிட்டிருக்குமே. பிளாஸ்டிக்கில் வாங்கும். வளைத்து ஒரு தட்டுத் தட்டினால் ஐஸ் உதிர்ந்துவிடும். அம்மாவின் கரண்டியைக் கழுவி இருந்த இடத்தில் வைத்துவிடும்.


கருவாட்டுக்_கறி | ஞாயிறு, காலை 7.12

தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி விட்டுப் பாருங்கள், மேலே படலமாக நின்று காற்றுப் படாமல் காக்கும். நண்பர் ஒருவர் செய்வார்.


வின்னிபெக்_விறைப்பு | ஞாயிறு, காலை 8.05

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே கட்டியாகிவிடும். மைனஸ் 18ல் அது படலமாக நிற்காது, மெழுகுதிரியாக நிற்கும். :)

பகிடியை விடுவோம். சமையல் எண்ணெய், கிளிசரின், உப்பு, காருக்கு விடுகிற ஆன்டிஃபிரீஸ் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். மீன் வாழ்கிற நீரில் கேடு தரும் எதையும் விடக் கூடாது என்று கனடாவின் மீன்வளச் சட்டத்தில், 36ஆம் பிரிவில், தெளிவாக இருக்கிறது. ஆன்டிஃபிரீஸ் நஞ்சு. உப்பு போட்டால் அந்த நேரத்துக்குக் கூழாகும்தான், ஆனால் தெருவிலிருந்து கழுவி வருகிற உப்பே ஏரிகளுக்குப் போதும் போதும் என்றிருக்கிறது. அந்தத் தண்ணீரில் வந்த மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கிறோம், அதில் நாமே எண்ணெய் ஊற்றுவதா?

இனி ஆகர். இங்கே வின்னிபெக் ஏரியில் மைனஸ் 30 என்பது சாதாரண செவ்வாய்க்கிழமை. அதனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆகர் எங்கே இருந்தது, வீட்டிலா கராஜிலா? வீட்டின் சூட்டிலிருந்து நேரே ஏரிக்குக் கொண்டுபோனால் அலகில் விழுகிற முதல் பனித்துகள் உருகும். பிறகு அலகு குளிர்ந்ததும் அந்த ஈரம் கண்ணாடியாக இறுகும். அலகின் கூர் இருப்பது மயிரிழை அளவு இடத்தில்தான், அதன்மேல் அரை மில்லிமீட்டர் ஐஸ் இருந்தாலே வெட்டாது. ஆகரை முந்தின இரவே வெளியே போட்டுவிடுங்கள். காரிலும் ஹீட்டர் படாத இடத்தில் வையுங்கள். குளிர்ந்த இரும்பில் காய்ந்த பனி ஒட்டாது.

துளை போட்டு அடிப்பக்கம் உடைத்துக்கொண்டு தண்ணீர் வந்ததும் ஆகரை வெளியே தூக்குவீர்கள் அல்லவா, தூக்கிய கையோடு பூட்ஸ் காலால் சுருளில் இரண்டு தட்டு. மின்கலத்தில் ஓடுகிறதென்றால் காற்றில் ஒரு விநாடி சுற்றவிட்டால் தண்ணீர் தெறித்துவிடும், பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காய்ந்த துணியால் அலகை மட்டும் துடையுங்கள், விரல் கவனம். ஈர அலகுக்கு உறையை மாட்டிவிடாதீர்கள், உறையும் அலகும் ஒன்றாக உறைந்து அடுத்த முறை கழற்ற வராது. நான் ஒரு தரம் சுத்தியலால் தட்டி உறையையும் உடைத்து அலகின் மூலையையும் உடைத்தவன். ஆகரைத் துளைக்குள்ளேயே நிறுத்திவிட்டுப் போன் பேசப் போகாதீர்கள், வந்து பார்த்தால் அது நட்ட மரம்.

எல்லாத் துளைகளையும் வந்தவுடன் ஒரே மூச்சில் போட்டுவிடுவது நல்லது. நாலோ ஐந்தோ போட்டு, கூழை அள்ளி, பனியால் மூடி விட்டுவிடுங்கள். ஆகர் ஒருமுறைதான் நனையும்.

தடியின் வளையத்தில் முத்துக் கட்டினால் நகத்தால் சுரண்டாதீர்கள், வளையத்துக்குள் இருக்கிற பீங்கான் போய்விடும். தடி நுனியைத் துளைத் தண்ணீருக்குள் மூன்று நாலு விநாடி முக்குங்கள். அந்தத் தண்ணீர் 0 டிகிரி, வெளியே மைனஸ் 18, ஆகவே வளையத்துக்கு அது சுடுதண்ணீர். எடுத்து உதறிவிடுங்கள். உதட்டுக்குப் பூசுகிற களிம்பை வளையத்தில் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள், ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு மறுபடி தடவ வேண்டும். ரீலுக்குள் கடையில் போட்டு வருகிற கிரீஸ் இந்தக் குளிரில் மாப்பசை மாதிரி ஆகிவிடும். கழற்றித் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதும்.


புத்தகப்_பூச்சி | ஞாயிறு, காலை 11.50

எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஏரியின் தண்ணீர் 4 டிகிரி என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம், பிறகு துளைக்குள் எப்படி 0?


வின்னிபெக்_விறைப்பு | ஞாயிறு, பகல் 12.20

4 டிகிரித் தண்ணீர்தான் பாரம் கூடியது, அதனால் அடியில் போய்க் கிடக்கும். மேலே, ஐஸைத் தொட்டுக்கொண்டு நிற்கிற தண்ணீர் 0 டிகிரிதான். துளையில் நாம் பார்ப்பது அந்த மேல் தண்ணீரை. அதிலிருந்து இன்னும் கொஞ்சம் வெப்பம் போனால் போதும், உறைந்துவிடும்.

இதை வைத்துத்தான் குமிழ் விடுகிற பம்பைச் சிலர் பாவிக்கிறார்கள். காற்றுக் குழாயை ஆழத்தில் இறக்கினால் குமிழ் மேலே வரும்போது அடியில் இருக்கிற சூடான தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். படகுத்துறைகளில் குளிர்காலம் முழுக்க இதை ஓட்டுவார்கள். குடிலுக்குள் ஒரே துளையில் நாள் முழுக்க இருக்கிறவருக்கு இது சரிவரும். துளைக்குத் துளை நடக்கிற எனக்குச் சுமை. இரவெல்லாம் ஓடவிட்டால் சுற்றியிருக்கிற ஐஸையும் அடியிலிருந்து அரிக்கும், அடுத்த நாள் அந்த இடத்தில் வேறு யாராவது கால் வைப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.


அரிவரி_மீனவன் | ஞாயிறு, பகல் 1.02

பிளாஸ்கில் சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால்?


வின்னிபெக்_விறைப்பு | ஞாயிறு, பகல் 1.30

ஒரு கிலோ ஐஸை உருக்க ஆகிற வெப்பம், ஒரு லீட்டர் தண்ணீரை 0 இலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோக ஆகிற வெப்பத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கொதிதண்ணீர் ஒரு லீட்டர் ஊற்றினால் எட்டு அங்குலத் துளையில் மூன்று, நாலு சென்டிமீட்டர் ஐஸ் போகும். பிறகு பத்து நிமிடத்தில் அதே கதை. ஆகர் துளைக்குள் மாட்டிக்கொண்டால் மட்டும் ஊற்றுங்கள், மிச்சத்தைக் குடியுங்கள்.


மாமி_ஆன்_ஐஸ் | ஞாயிறு, மாலை 6.15

குடில், கூடாரம் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். உள்ளே புரோப்பேன் ஹீட்டர் எரிந்தால் துளை உறைகிற பேச்சே இல்லை, தடியும் ரீலும் சுகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் போன வருடம் வாடகைக் குடில் ஒன்றில் நானும் மகளும் இருந்தோம். காற்றுப்போக்கியை யாரோ பழந்துணியால் அடைத்து வைத்திருந்திருக்கிறார்கள், நாங்கள் கவனிக்கவில்லை, சூடாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோம். ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலை கனத்தது. பசி என்று நினைத்து ரோல்ஸ் சாப்பிட்டேன். மகள் “அம்மா எனக்கு வாந்தி வருகிறது” என்றதும்தான் பொறி தட்டிக் கதவை உதைத்துத் திறந்தேன். வெளியே கால்மணி நேரம் நின்ற பிறகு இரண்டு பேருக்கும் தெளிந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. இப்போது மின்கலத்தில் ஓடுகிற அலாரம் ஒன்று என் பையிலேயே இருக்கிறது, வாடகைக் குடிலுக்கும் கொண்டுபோவேன். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு திறப்பு எப்போதும் இருக்க வேண்டும், துளை உறைந்தாலும் பரவாயில்லை.

தம்பியின் அடுப்பு பற்றாததற்குக் காரணம் பியூட்டேன் 0 டிகிரிக்குக் கீழே வாயுவாக மாறாது. புரோப்பேன் மைனஸ் 42 வரைக்கும் மாறும். புரோப்பேன் அடுப்புக்கு மாறுங்கள், கூடாரத்துக்குள் சமைக்காதீர்கள்.

இன்னொன்று. கதிரைக் கால், வாளி, பை எல்லாவற்றையும் வெறும் ஐஸில் வைத்துவிட்டு, துளையிலிருந்து வந்த தண்ணீர் அங்கே ஓடினால் எல்லாம் ஐஸோடு ஐஸாகிவிடும். பழைய கம்பளத்துண்டு ஒன்றை விரித்து வையுங்கள். கூடாரத்தின் ஓரத் துணிமேல் காய்ந்த பனியைப் போடுங்கள், ஈரக் கூழைப் போட்டால் வீட்டுக்குப் போகும்போது கத்தியால்தான் வெட்டி எடுக்க வேண்டும். ஜிப்புக்கு மெழுகுதிரி தேய்த்தால் இழுக்க வரும்.


வடதுருவ_வடை | திங்கள், காலை 5.40

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் ரீலோடு மல்லுக்கட்டுகிறீர்கள், இங்கே பலர் ரீலைச் சுற்றுவதே இல்லை. கை அளவு நீளத்தில் குட்டித் தடி, மீன் கொத்தினால் தடியைக் கீழே போட்டுவிட்டு நரம்பைக் கையால் மேலே இழுத்து ஐஸில் போட்டுக்கொண்டே வருவார்கள். சுற்றுவதற்கு ஒன்றும் இல்லாதபோது உறைவதற்கும் ஒன்றும் இல்லை. என் மாமனார் மயிலிட்டிக்காரர், கட்டுமரத்தில் கைத்தூண்டில் போட்டவர். முதல்நாள் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நான் வாங்கி வைத்திருந்த ரீலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தங்கூசியை விரலில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்கு ஒன்று, அவருக்கு ஏழு. கையுறையைக் கழற்றியதில் விரல் விறைத்து, வீட்டில் மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

நரம்பிலும் கவனம் வேண்டும். பின்னல் நூல் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்ததும் குச்சியாக விறைத்துவிடும், அதை இழுத்தால் வளையத்தில் ஐஸைத் துருவித் துருவி வைக்கும். ஒற்றை நரம்பு, அதிலும் ஃபுளோரோகார்பன், தண்ணீர் குடிக்காது. இழுத்துப் போடும்போது காற்றின் பக்கம் போடாதீர்கள், சிக்கு எடுக்கவே பகல் போய்விடும்.


கருவாட்டுக்_கறி | திங்கள், காலை 9.20

எண்ணெய் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஆகர் மின்கலம் பாதி நாளிலேயே செத்துவிடுகிறதே, அதற்கு யாராவது?


கெம்பன்ஃபெல்ட்_கிழவன் | திங்கள், காலை 10.02

குளிரில் லித்தியம் மின்கலம் சோம்பேறி. கோடையில் பியர் வைக்கிற குளிர்பெட்டிக்குள் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலோடு போட்டு வையும், உறையாமல் காக்கவும் அதே பெட்டிதான். வீட்டுக்கு வந்த கையோடு சார்ஜரில் போடாதேயும். 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும், இரண்டு மணி நேரம் அறைச்சூட்டில் கிடக்கட்டும்.


அரிவரி_மீனவன் | இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 8.15

போய்விட்டு வந்தோம். மைனஸ் 16, காற்று போன முறையைவிடக் கொஞ்சம் குறைவு.

ஆகர் இரவு முழுக்க பால்கனியில் கிடந்தது. வந்தவுடன் ஐந்து துளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்தான் பிடித்தது, எனக்கே நம்ப முடியவில்லை, அதே ஆகர் அதே அலகு. இரண்டு துளைக்கு ஃபோம் வட்டம், இரண்டுக்குப் பனி. அரைமணி கழித்து வட்டத்தைத் தூக்கிப் பார்த்தேன். வட்டத்தின் அடியில் சின்னச் சின்ன ஊசிகளாக உறைபனி பூத்திருந்தது, தண்ணீர் கறுப்பாக அப்படியே அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வேண்டுமென்றே மூடாமல் விட்ட ஒரு துளையில் ஒரு சென்டிமீட்டர் இருக்கும், கரண்டிக் காம்பால் குத்தித்தான் உடைத்தேன்.

பனி மூடிய துளைகளில் ஒன்று சரிவரவில்லை. மச்சான் அதைக் காலால் மிதித்து அமத்திவிட்டான், காற்றெல்லாம் போய்ப் பலகை மாதிரி இறுகிவிட்டது. லேசாகக் குவிக்கச் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

கையால் இழுத்தும் பார்த்தேன். மாமனார் அளவுக்கு இல்லை என்றாலும் கொத்துவது விரலில் தெரிகிறது, ரீலில் இது தெரியாது. மொத்தம் 11 பெர்ச், இரண்டு பேருக்கும் சேர்த்து.

புதுப் பிரச்சினை இரண்டு. பிடித்த மீனைத் தண்ணீரோடு வாளியில் போட்டோம், வீட்டுக்கு வரும்போது 11 மீனும் ஒரே கட்டி, குளியல்தொட்டியில் வைத்துக் கரைத்துக்கொண்டிருக்கிறோம், அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மற்றது, ஒரு ஃபோம் வட்டத்தைத் தட்டிவிட்டு மீனை இழுக்கிற நேரத்தில் காற்று அதைத் தூக்கிக்கொண்டு உருட்டிக்கொண்டே போனது. மச்சான் கால் கிலோமீட்டர் ஓடியும் பிடிபடவில்லை. ஏரியில் குப்பை போட்ட பாவம் வேறு.


மாமி_ஆன்_ஐஸ் | சனி, இரவு 8.40

மீனைத் தண்ணீரில்லாமல் பனிமேல் ஒன்றோடொன்று படாமல் பரப்பி வையுங்கள், தனித்தனியாக விறைக்கும், பிறகு பையில் போடலாம்.


வின்னிபெக்_விறைப்பு | சனி, இரவு 8.52

வட்டத்தில் ஒரு ஓட்டை போட்டு, கயிறு கட்டி, கயிற்றைக் கதிரைக் காலில் முடிந்து வைக்கவில்லையா?


கெம்பன்ஃபெல்ட்_கிழவன் | சனி, இரவு 8.55

அதைச் சொல்ல மறந்துவிட்டேன். என்னுடைய முதல் மூன்று வட்டமும் அப்படித்தான் போனது.